சத்தம் போடும் மருமகள்

களி கிண்டும்போது துடுப்பை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் ராகி மாவு கட்டி தட்டிவிடும். உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். அதனால் மாதேஸ்வரி வியர்வையைக்கூடத் துடைக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போது தலைக்கு மேலிருந்த சின்ன பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

வாசலில் யாரோ வந்துவிட்டார்கள். அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். கையில் பூமாலையோடு நாத்தனார் சுமலதா நின்றிருந்தாள். துமகூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் பாகலூர் வந்து சேர்ந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"இன்னுமா இந்த பெல்லு ரிப்பேர் ஆவல? எங்கம்மா இருந்தப்பவும் சத்தமே வராது, இப்பவும் அதே கதிதான். இந்த வீட்டுல எதயாச்சும் ஒழுங்கா வெச்சிருக்கீங்களா அண்ணி?"

"உள்ள வா கண்ணு... மொகத்தக் கழுவு. டீ போடறேன்."

"உங்க டீ ஒண்ணும் எனக்கு வேணாம்!"

அன்று மாமியார் சாந்தம்மாவின் பதினாறாம் நாள் காரியம். படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் பரப்பி வைப்பார்கள். வீட்டு மருமகள் விளக்கேற்றிய பிறகுதான் மற்றவர்கள் கும்பிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். அந்த விளக்கை ஏற்றவிடாமல் ஒரு மருமகளைத் தள்ளி நிறுத்தினால், 'இவள் இந்த வீட்டுக்காரி இல்லை' என்று உறவு முழுவதுக்கும் சொன்னது போல.

உறவினர் கூடியிருந்த கூடத்தில் நின்று சுமலதா அதைத்தான் சொன்னாள்.

"சித்தப்பா, எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிடறேன். எங்கம்மா படத்துக்கு அண்ணி வெளக்கு ஏத்தக் கூடாது. நான் ஏத்திக்கறேன்."

ஜவளகிரியிலிருந்து வந்திருந்த சித்தப்பா சென்னப்பன் திடுக்கிட்டார். "காரியத்தன்னிக்கு என்னா பேச்சுடி இது?"

"தெருவுல போயி கேளுங்க! 'அத்தே, சாப்புட வாங்க'ன்னு இவங்க கத்தறது மூணாவது வீட்டுக்குக் கேக்குது. போன தீபாவளிக்கு நானே கேட்டேனே! ஆடு மாட்டக்கூட யாரும் அப்படி அதட்ட மாட்டாங்க. எங்கம்மா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போனாங்க... அந்தச் சிரிப்ப நெனச்சா வயிறு எரியுது!"

"சத்தம் பெருசுதான், இல்லேங்கல. எங்கூருக்குக் காட்டு ஆன வந்தா வெரட்டறதுக்கு இவளக் கூட்டிட்டுப் போலாம்னு நானே சொல்லியிருக்கறேன்" என்றார் சென்னப்பன், பேச்சைச் சிரிப்பாக்கிவிட நினைத்து. இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். மாதேஸ்வரிக்கு முகம் கன்றிப் போயிற்று.

அவள் கணவன் முனிராஜ் பொறுக்க முடியாமல் எழுந்தான். "சுமா, உனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு..."

"ஏங்க!" மாதேஸ்வரி குறுக்கே வந்தாள். "வாழ எல வந்துடுச்சான்னு பாருங்க."

அவன் பாதிப் பேச்சோடு வாசல் பக்கம் போனான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், பழியெல்லாம் கரைந்துவிடும். ஆனால் சொல்ல முடியாது! கணவர் போன பிறகு சாந்தம்மா குருபரப்பள்ளிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பாறைக்குள் ரம்பம் இறங்கும்போது எழும் கிறீச்சொலி ஒரே நாளில் காதைக் கெடுப்பதில்லை. காதின் உள் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மகளின் டிப்ளமோ படிப்புக்காக அவர் அடுத்தவர் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தார். மகள் படிப்பை முடிப்பதற்குள் பறவைச் சத்தம் போயிற்று. பேரப்பிள்ளை பிறப்பதற்குள் பிறர் பேசுவதும் கேட்காமல் போயிற்று. வலது காதில் மட்டும் கூச்சல் போட்டால் ஏதோ கொஞ்சம் விழும். காதுக் கருவி மாட்டியும் பார்த்தார்கள், இரைச்சல்தான் பெரிதாயிற்று.

"சுமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா" என்று மருமகளின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார் சாந்தம்மா. "தன் படிப்பாலதான் என் காது போச்சுன்னு தெரிஞ்சா, அவளுக்குச் சோறு எறங்காது."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து உதட்டைப் படிக்கப் பழகினார்கள். அது லேசான வேலை இல்லை. 'படி' என்றாலும் 'மடி' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்; முன்பின் பேச்சை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். காய்கறிக்காரர் கன்னடத்துக்குத் தாவிவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். பேசுகிறவர் அழுதால் இன்னும் கஷ்டம். உதடு கோணிப் போகும், ஒன்றும் புரியாது. அத்தை எதிரே இருந்தால் உதடே போதும். முகத்தைத் திருப்பியிருந்தால்தான் மாதேஸ்வரி கத்துவாள். அந்தக் கத்தல்தான் தெருவுக்குத் தெரிந்தது.

"துடுப்பக் குடுங்க" என்று சுமலதா அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். "எங்கம்மாவுக்குப் படைக்கறத நானே செஞ்சுக்கறேன்."

மாதேஸ்வரி துடுப்பைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

பிறந்த வீட்டுக்கு வருகிற சுமலதாவை அவள் அடுப்பங்கரைப் பக்கமே விட்டதில்லை. அதனால் அந்தச் சின்ன பல்பு எரிவதை சுமலதா இன்றுதான் பார்த்தாள். முதலில் லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எரிந்தது, விட்டு விட்டு மூன்று தடவை. அடுத்த கணம் பூ வாங்கப் போன மாதேஸ்வரியின் மகள் ஹரிணி வாசலில் "அம்மா, கதவு!" என்றாள்.

கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் சுமலதாவுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பல்பிலிருந்து புறப்பட்ட ஒயரைப் பின்தொடர்ந்து போனாள். அது வாசல் பெல்லுக்கு வந்தது. பெல்லின் மூடியைக் கழற்றினால் உள்ளே மணியே இல்லை! மணிக்குப் போக வேண்டிய இரண்டு ஒயர்களையும் பல்புக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். வெளியே சுவிட்சை அமுக்கினால் உள்ளே வெளிச்சம் வரும். இன்னொரு கிளை அம்மாவின் அறைக்குப் போயிற்று. அங்கே கட்டிலுக்கு நேர் எதிரே, படுத்திருந்தால் கண்ணில் படுகிற இடத்தில், இரவு விளக்கு என்று அவள் இதுவரை நினைத்திருந்த இன்னொரு பல்பு.

மணியை எடுத்துவிட்டு வெளிச்சம் வைப்பது யாருக்காக?

சுமலதாவின் கையிலிருந்து மூடி கீழே விழுந்தது. கொல்லைக்கு ஓடினாள்.

"அண்ணி... எங்கம்மாவுக்குக் காது கேக்காதா?"

மாதேஸ்வரி எழுந்து நின்றாள். "களி அடிபிடிக்கப் போவுது கண்ணு, போய்ப் பாரு..."

"பேச்ச மாத்தாதீங்க! இருக்காது... ஞாயித்துக்கிழம ஆனா போன் பண்ணுவேனே! கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்களே!"

பின்னாலேயே வந்த முனிராஜ் சுவரில் சாய்ந்தான். "இதுக்கு மேல என்னால ஆவாது மாது. அம்மா என்ன மன்னிக்கட்டும்" என்றவன் எல்லாவற்றையும் சொன்னான். ரம்பத்தைச் சொன்னான், படிப்பைச் சொன்னான், சத்தியத்தைச் சொன்னான்.

"இவ போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அம்மாவுக்கு எதுத்தாப்புல உக்காருவா. நீ சொல்றத அப்படியே சத்தமில்லாம வாயசைப்பா. அம்மா பாத்துப் பதில் சொல்லுவாங்க. அவ்ளோதான் உன் போனு."

சுமலதாவுக்கு மெல்ல மெல்ல ஏதோ நினைவுக்கு வந்தது.

"அப்ப... 'அந்த ராட்சசி சோறு போடறாளாம்மா'ன்னு கேப்பனே... 'அவ கையால குடிக்காத'ன்னு சொன்னனே... அதயுமா அண்ணி?"

"நீ உங்கம்மாகிட்ட பேசற பேச்சு. அதுல வெட்டறதுக்கும் ஒட்டறதுக்கும் நான் யாரு கண்ணு?"

"'என் மருமவ தங்கம்டி'ன்னு அம்மா சொல்றப்பல்லாம், நீங்க பக்கத்துல உக்காந்து மெரட்டறீங்கன்னு நெனச்சேனே... ஐயோ!"

சுமலதா அப்படியே கல்லடியில் உட்கார்ந்து அண்ணியின் கால்களைக் கட்டிக்கொண்டாள். மாதேஸ்வரி அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கும் உடைந்தது.

"எங்கம்மா மாதிரி மொகத்தப் பாத்துப் பேசறவங்க ஒலகத்துலயே இல்லன்னு கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்வேன் அண்ணி... அவங்க பாத்தது ஒதட்டத்தானா?"

மாதேஸ்வரி யோசித்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது.

"பேசறப்ப ஒதட்டப் பாத்தாங்க. நீ பேசி முடிச்சப்புறமும் கண்ண எடுக்காம பாத்துட்டே இருப்பாங்களே... அது உன்னத்தான்."

உறவெல்லாம் கூடத்தில் காத்திருந்தது. சுமலதா தீப்பெட்டியைக் கொண்டுவந்து அண்ணியின் கையில் வைத்தாள். "சித்தப்பா, எங்க வீட்டு மருமவ வெளக்கு ஏத்தட்டும்."

சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆன வெரட்டற பேச்ச மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

திரி பிடித்துச் சுடர் நிமிர்ந்தது. சுமலதா அம்மாவின் படத்துக்கு எதிரே நின்றாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. 'அம்மா, உன் காத நான்தான்...' அதற்குமேல் வரவில்லை. அழுகையில் உதடு கோணியது.

மாதேஸ்வரி தன்னை மறந்தாள். பழகிய குரல் தானாக எழுந்தது.

"அழாம சொல்லு சுமா! அழுதா அத்தைக்கு வாய் புரியாது!"

மூன்றாவது வீட்டுக்கும் கேட்டது.