காற்றில்லாத கொட்டகை

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டின் பின்கொட்டகையை மதுவந்தி மதியம் திறந்துவிட்டாள். டில்லிபாபு பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கொட்டகை நிறைய அந்தக் கார். துடுப்பில்லாத மீன் போல நீளமாக, வழவழப்பாக, தரையோடு தரையாகக் கிடந்தது.

கட்ச் உப்புவெளியில் வேக சாதனைக்காக அதை ஓட்டியவன் அவள் கணவன் அனிருத். கார் நேராக ஓடி, தானாகவே வேகம் குறைந்து நின்றது. மேல்மூடியைத் திறந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதயம் என்றார்கள். மதுவந்தி அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை.

அனிருத்தோடு சேர்ந்து காரைக் கட்டியவன் டில்லிபாபு. இப்போது அவனே ஓட்டப் போகிறான். அவள் சரி என்று சொன்னால் போதும்.

"காரு வாலை மாத்திக்கீறேன் அண்ணி. காத்து எப்டி போவுதுன்னு நீயே பாரு."

காரின் உடல் முழுக்க விரல் நீளக் கம்பளி நூல்களை ஒட்டியிருந்தான். காற்று சீராகப் போனால் நூல்கள் பின்னோக்கிப் படியும்; தடுமாறினால் துள்ளும். முன்னால் ஆளுயர மின்விசிறி.

"இந்த ஃபேன் ஏது டில்லி?"

"உங்க கல்யாண மண்டபத்துல அண்ணன் சுட்டது. மாப்பிள்ளையே தூக்கினு போனா எவன் கேப்பான்?"

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

விசிறி சுழன்றது. நூல்கள் படிந்தன. அவன் உள்ளே இறங்கி, ஓட்டுபவன் படுப்பதுபோல் படுத்துக்கொண்டான்.

"மூடு அண்ணி."

மூடினாள். கரண்ட் போனது.

விசிறியின் இறக்கைகள் மெல்ல நின்றன. புழுக்கம் கவிந்தது. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

நூல்கள் தொங்கவில்லை.

மூக்கிலிருந்து வால்வரை, யாரோ இழுத்துப் பிடித்தாற்போல் படிந்தே இருந்தன. பிறகு நடுங்கத் தொடங்கின. எந்த விசிறியாலும் தர முடியாத வேகம் அது.

உப்பு வாடை அடித்தது. பட்டினப்பாக்கத்துக் கடல் வாடை அல்ல. வறண்ட உப்பு.

மூடிக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது.

இரண்டு பேருடையது.

வெடுக்கென்று திறந்தாள். நூல்கள் ஒன்றாகச் சரிந்தன.

"இன்னா அண்ணி, அதுக்குள்ள தொறந்துட்ட? உள்ள ஜில்லுனு கீது." அவன் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"வேண்டாம் டில்லி. நீ இதை ஓட்டக் கூடாது. உடைச்சுப் போட்டுடலாம்."

அவன் காரிலிருந்து இறங்கி, அதன் மூக்கை ஒருமுறை தடவினான்.

"சரி அண்ணி."

கொட்டகையைப் பூட்டினாள். வாசலில் அவன் பைக் சாவியைத் தேடிக்கொண்டு நின்றான். அவள் துப்பட்டா அசையாமல் தொங்கியது. அவன் சட்டைத் தோளில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினாள்.

அது பின்னோக்கிப் படிந்து, நடுங்கிக்கொண்டிருந்தது.