ரக்ஷாவின் திருத்தம்

மல்லேஸ்வரத்து வீட்டின் கேட்டைத் திறந்ததும் சேஷகிரியின் கண் போனது வாசலில் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குத்தான். அதன் இரும்பு மூடிமேல், பல வருடம் முன்பு அவரே ஏற்றி வைத்த கருங்கல் அப்படியே கிடந்தது.

அவருடைய பேய்க்கதைகளுக்கு வாசகர்கள் ஏராளம். அவர் குரலிலேயே, கதை பிறந்த வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று ஆடியோ கம்பெனிக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். மகள் ரக்ஷா மூழ்கிச் செத்த இடத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கவும் அந்த மனிதருக்கு மனசு வந்தது.

மனைவி கோமளமும் கூட வந்தாள். ரக்ஷா போன பிறகு அவள் இந்த வாசலை மிதித்ததில்லை.

ஒலிப்பதிவு செய்ய வந்த ஜோவிதா கூடத்தில் மைக்கை வைத்து ஜன்னல்களைச் சாத்தினாள். பகல் வெளிச்சம் அடங்கியது. பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை மெல்ல எழுந்தது.

சேஷகிரி வாசித்தார். 'காவேரித் தண்ணீர் வந்துவிட்டதா என்று தொட்டிக்குள் குனிந்து பார்த்த தாய், மூடியைப் போட மறந்து உள்ளே போனாள்.'

அவருடைய எல்லாக் கதைகளிலும் இந்தத் தாய் வருவாள், மறப்பாள், குழந்தை விழும்.

அன்று நடந்தது வேறு. கோமளம் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். மறுபடி திறந்தவர் சேஷகிரி. அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. அவருடைய சிரிப்புக் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறோம் என்றார் பதிப்பாளர். அப்போதெல்லாம் அவர் எழுதியது சிரிப்புக் கதைகள்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் மூடி மறந்தே போனது.

பிறகு மனைவியிடம், "நீதானே கடைசியா பார்த்தே?" என்று கேட்டார் பாவி. அன்றிலிருந்து கோமளம் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்க்கிறாள். தன் கையை அவளே நம்புவதில்லை.

ஜோவிதா ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், வீட்ல கொழந்தை யாராவது இருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அந்த அம்மா மறந்துட்டாங்கன்னு நீங்க படிக்கிற எடத்துல ஒரு குரல் வருது. இன்னொரு டேக் போலாம்."

மறுபடி வாசித்தார். அதைக் கேட்டுப் பார்த்த ஜோவிதாவின் முகம் வெளுத்தது.

"அந்தக் குரல் என்ன சொல்றது?" என்று மெல்லக் கேட்டாள் கோமளம்.

"அழிச்சிடும்மா" என்றார் சேஷகிரி அவசரமாக.

அதற்குள் கோமளம் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து கசிந்த சத்தம் அவருக்கும் கேட்டது.

தண்ணீர் சொட்டியது.

பிறகு ரகசியம் சொல்வதுபோல ஒரு சின்னக் குரல்.

"அம்மா மூடிட்டா. அப்பாதான் தொறந்தார்."

கோமளம் அதையே மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தனை புஸ்தகம் எழுதினேளே" என்றாள். "ஒண்ணுலயாவது என்னை மூட விட்டிருக்கலாம்."

அவள் ஏறிப் போன ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"அதை அழி" என்றார் சேஷகிரி. "திரும்பப் படிக்கிறேன்."

படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. தாய் மறந்தாள், உள்ளே போனாள்.

ஜோவிதா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இப்ப ஒண்ணும் வரல சார்."

சேஷகிரி பெருமூச்சு விட்டார்.

வாசலில் கருங்கல் தரையில் உராய்ந்து நகர்ந்தது.

பிறகு இரும்பு மூடி திறந்தது.