சுவரில் இருப்பவர்

முந்நூற்று ஐம்பத்து நான்கு மணி நேர இரவு முடிந்து நிலவில் பொழுது விடிந்தது. ஜெபஷீலா மருந்துக்கடையின் சூரியச் சாளரத்தைத் திறந்து, வந்துபோனவர்களின் கால் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுவரிலிருந்த சான்றிதழைத் துடைத்தாள்.

ஞானதுரை மெடிக்கல்ஸ் நான்கு தலைமுறைக் கடை. நிலவுக்குக் குடிபெயரும் முன் பாளையங்கோட்டையில் தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு ஒரு மரபு உண்டு. கல்லாவில் குடும்பத்தார் இருப்பார்கள். சுவரில் படித்தவர் இருப்பார். சான்றிதழ் மட்டும் வாடகைக்கு வரும், ஆள் குவைத்தில் இருப்பார். அதிகாரி கேட்டால் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்பார்கள்.

இந்த வெட்கக்கேட்டை ஒழிக்கத்தான் ஜெபஷீலா மருந்தியல் படித்து முதலிடம் வாங்கினாள். அதே வருடம் நிலவுக் குடியிருப்பில் சட்டம் வந்தது. மனிதர்கள் பொய் சொல்கிறார்கள்; ஆகவே மருந்து கொடுக்கத் தகுதியுள்ளது இயந்திரம் மட்டுமே. அதற்கு மருந்தியலி என்று பெயர். ஒன்று வாங்கக் கடையை இரண்டு முறை விற்க வேண்டும். அப்பா தரகரைப் பிடித்தார். முகம் தெரியாத ஒரு மருந்தியலியின் சான்றிதழ் சுவரேறியது. ஜெபஷீலாவின் பட்டம் இருமல் மருந்துக்குப் பின்னால் போனது.

அன்று ஆய்வியலி வந்தது. கடைகளைச் சோதிக்க அரசாங்கம் எடுத்துக்கொண்ட மருந்தியலி. குளிர்பெட்டி, காலாவதித் தேதி எல்லாம் பார்த்தது. சான்றிதழை நெடுநேரம் பார்த்தது. மருந்தியலி எங்கே என்று கேட்டது.

இல்லையென்றால் கடைக்குப் பூட்டு. பிழைப்பில்லாதவர்களை அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்பா எண்ணி முடித்த மாத்திரைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். ஜெபஷீலா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முன்னோர்கள் அவள் நாக்கில் முந்திக்கொண்டார்கள்.

"டீ குடிக்கப் போயிருக்காரு சார்."

வரிசையில் நின்ற சேசையா அண்ணன், "மெஷினு டீ குடிச்சா துருப்பிடிக்காதாம்மா?" என்றார். அப்பா அவரை முறைத்தார்.

காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஆய்வியலி ஓரமாக நின்றது. அவள் வியாபாரத்தைக் கவனித்தாள். ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைக் குறைத்தாள். சேசையா கேட்ட வலி மாத்திரை அவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது என்று வேறு கொடுத்தாள். கூட்டம் கலைந்தது. ஆய்வியலி அசையவில்லை. அவள்தான் கல்லாவை விட்டு அதன் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அவரு வரமாட்டாரு. நாங்க அவரப் பார்த்ததே இல்ல. இங்க மருந்து குடுக்குறது நான்தான்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

ஆய்வியலி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டது.

"மெதுவாப் பேசுங்கம்மா, வெளிய கேட்டுரப் போவுது. மின்னேத்திக்க அரசாங்கம் குடுக்குற படிக்காசு மாசக் கடைசி வரைக்கும் தாங்கல. அந்தச் சான்றிதழ் என்னோடதுதான்."