பூதக்கண்ணாடி மாமாவின் சட்டை

“மாவுச்சத்து எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டு வர்றியா?”

அறிவியல் டீச்சர் இப்படிக் கேட்டு, சின்னக் குப்பியில் அயோடினும் கொடுத்தனுப்பினால் சுண்டெலி சும்மா இருப்பாளா? அம்மாவின் சலவைக்கடைக்குள் நுழைந்ததுமே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டாள். கருநீலம். பிஸ்கட்டிலும் கருநீலம். நறுக்கி வைத்திருந்த எலுமிச்சையில் விட்டாள். அயோடினின் பழுப்பு நிறமே காணாமல் போய்விட்டது.

“அடுத்தது என் மூக்குலயா?” என்றாள் அம்மா, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி.

சிரித்துக்கொண்டே திரும்பிய சுண்டெலியின் கை பட்டுக் குப்பி சாய்ந்தது. கஞ்சி போட்டு மொடமொடவென்று கிடந்த வெள்ளைச் சட்டையில் பெரிய கருநீலப் பொட்டு.

அது பூதக்கண்ணாடி மாமாவின் சட்டை. காலர், பட்டன், தையல் என்று தேடித்தேடிக் குறை சொல்பவர். “இன்னொரு தடவை ஏதாவது இருந்தா வேற கடை பார்த்துக்குவேன்” என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். இன்று மாலை வந்துவிடுவார்.

சுண்டெலி குப்பியை நிமிர்த்தி வைத்தாள். “அம்மா, கஞ்சியிலயும் மாவுச்சத்து இருக்கும்மா.”

அம்மா இடுப்பில் கை வைத்தாள். “அருமையான கண்டுபிடிப்பு. அதை அவர்கிட்டயே சொல்லு.”

அவள் சோப்பை எடுக்கப் போனாள். சுண்டெலி கையைப் பிடித்தாள். “இரும்மா. எலுமிச்சையில நிறம் போச்சே. முதல்ல கந்தல்துணியில பார்ப்போம்.”

கந்தலைக் கஞ்சியில் நனைத்து அயோடின் விட்டார்கள். கருநீலமானதும் எலுமிச்சையைப் பிழிந்தார்கள். நீலம் மெல்ல வெளுத்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

“அடி என் சுண்டெலி!” என்று அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

சட்டைக்கும் அதே வைத்தியம். பிறகு நன்றாக அலசி, மறுபடி கஞ்சி போட்டு, தேய்த்து மடித்தார்கள்.

மாலையில் மாமா வந்தார். சுண்டெலி முந்திக்கொண்டாள்.

“மாமா, உங்க சட்டையில அயோடினைக் கொட்டிட்டேன். கறையை நாங்களே எடுத்துட்டோம். எங்கே இருந்துச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

அம்மா பல்லைக் கடித்தாள்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சட்டையை விளக்குக்கு நேரே பிடித்தார். உள்பக்கம் திருப்பினார். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

பிறகு, கொண்டுவந்திருந்த அழுக்குச் சட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.