செல்வரட்ணத்தார் ஊதிய கண்

மூன்று கிழமை தனிமை முடிந்து, கனடாவின் பிக்கரிங்கில் காலை ரயில் பிடித்து, ஸ்காபரோ முதியோர் இல்லத்தில் மறுபடி வேலைக்கு வந்தாள் எமில்டா. கொரோனா எல்லோருக்கும் இருமலாக வந்தது. அவளுக்குக் கண்ணில் வந்தது. சிவந்து, பீளை கட்டி, இடது கண் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது.

எப்படி வந்ததென்று அவளுக்குத் தெரியும். பதினான்காம் அறையில் கொரோனாவோடு கிடந்த செல்வரட்ணத்தார், "கிட்ட வா பிள்ளை, திருநீறு பூசிவிடுறன்" என்றார். எமில்டா மாதா கோயிலுக்குப் போகிறவள். என்றாலும் சாகக் கிடக்கிற மனுசனிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது? மாஸ்க்கைக் கழற்றாமல், கண்ணை மறைக்கும் பிளாஸ்டிக் கவசத்தை மட்டும் கழற்றி நெற்றியைக் காட்டினாள். அவர் பூசினார். தூள் கண்ணில் விழக்கூடாதென்று, பழகின பழக்கத்தில் ஊதியும் விட்டார். மறுநாள் செத்துப்போனார்.

அந்தக் கட்டிலில் இப்போது கோணேஸ்வரி அன்ரி இருந்தார்.

"அந்த அறைக்கு நான் போகமாட்டன்," என்றாள் கூட வேலை செய்யும் ஜெயமலர். "பகலிலயே ஆரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது."

"விட்டால் விடட்டும். அன்ரிக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

எமில்டா கதவைத் திறந்தாள். ஹீட்டர் ஓடியும் அறை குளிர்ந்து கிடந்தது. சனிடைசர் வாடைக்குள் சாம்பல் மணத்தது.

வலது கண்ணுக்கு, அன்ரி தூங்குவது மட்டும் தெரிந்தது.

இடது கண்ணுக்கு, கட்டிலோரம் ஒருவர் குனிந்து நின்றார்.

அன்ரியின் நெற்றியில் விரலை வைத்தார்.

உதட்டைக் குவித்தார்.

எமில்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்பத்தாறு வயது உடம்பு இந்தத் தொற்றைத் தாங்குமா? பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"அங்கிள், அவவை விடுங்கோ. ஊதுறதெண்டால் என்ர மற்றக் கண்ணில ஊதுங்கோ. நான் தாங்குவன்."

ஈரக் காற்று வலது கண்ணில் பட்டது.

அவள் இமைக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது அந்தக் கண்ணும் சிவந்திருந்தது. டெஸ்ட் எடுத்தாள், தொற்று இல்லை என்றது. அன்ரிக்கும் ஒன்றுமில்லை. வேறு அறை தரட்டுமா என்று மேலாளர் கேட்டார். பதினான்குதான் வேண்டுமென்று அடித்துச் சொல்லிவிட்டு, கஞ்சியோடு உள்ளே போனாள்.

அன்ரி விழித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, உவர் ஆர்? நீ வாற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறார்."