முத்துமாரியின் கணக்கு

நாரணாபுரம் விலக்கில் பஸ் இறக்கிவிட்ட பெண்களோடு சேர்ந்து ஸ்ரீமதியும் மண்பாதையில் நடந்தாள். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கருப்பணனிடம் செல்போனைக் கொடுத்தாள். பட்டாசு கம்பெனிக்குள் போன் போகக் கூடாது. கேட்டுச் சுவரில் அடித்திருந்த மரப்பெட்டியில் ஆளுக்கொரு பொந்து இருந்தது. மற்றப் பெண்கள் வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நின்ற ரூம்களுக்குப் பிரிந்து போனார்கள். அவள் மட்டும் ஆபீஸ் பக்கம் திரும்பினாள். இப்படித் தனியாகத் திரும்பி நடக்கும் நாளைப் பல வருஷமாக மனசுக்குள் நடந்து பார்த்திருந்தாள்.

முதலாளி செல்லப்பாண்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு ஆபீசர்கள் சோதனைக்கு வருகிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆபீஸில் இருந்து செத்துப்போன முத்துமாரியின் பேரும் போட்டோவும் முதலில் வந்து நிற்கிறது, அது அவர்கள் கண்ணில் படக் கூடாது. ஆனால் உள்ளே இருக்கும் ராப்பர் படங்களும் ரூம் லிஸ்டுகளும் ஒன்றுகூடப் போய்விடக் கூடாது. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டால் ஆபீஸ் வேலை அவளுக்கு.

"ஒரு பைலு போச்சுன்னாலும் பழையபடி ரூமுக்குப் போயிரணும் தாயி. சம்மதந்தான?"

"சரிங்க அண்ணாச்சி."

ரூம் என்றால் மருந்து ரூம். ஒன்பது வருஷம் அவள் அங்கே உட்கார்ந்து பூச்சட்டிக்குள் மருந்து செலுத்தியிருக்கிறாள். வேர்வையில் அலுமினியப் பொடி கலந்து கழுத்தில் வெள்ளியாக வழியும். ஒவ்வொரு சாயங்காலமும் முழு உடம்போடு வெளியே வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். மறுபடி அங்கே போய் உட்கார அவள் தயாராக இல்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் ரூம் வெடித்தபோது முத்துமாரி செத்தாள். அவள் ஆபீஸில் வேலை பார்த்தவள். மருந்தைத் தொட வேண்டியவளே இல்லை. அன்றைக்கு அந்த ரூமில் ஓர் ஆள் குறைந்தது என்று போர்மேன் பெத்தணன் அவளைக் கூட்டிப் போய் உட்கார வைத்திருந்தார்.

வராமல் போன அந்த ஆள் ஸ்ரீமதி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, விருதுநகரில் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது சேதி வந்தது. முதலில் அவள் மனதில் எழுந்தது அழுகை அல்ல. ஆபீஸ் நாற்காலி காலியாகிவிட்டது என்பதுதான். ஒரு நொடிதான். அப்புறம் எல்லோரையும்போல அழுதாள். ஆனாலும் முதலில் வந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். முத்துமாரி குள்ளம். நாற்காலி அவள் உயரத்துக்கே தாழ்ந்து கிடந்தது. உயர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல இறங்கியது.

திரையில் வட்டத்துக்குள் முத்துமாரி சிரித்தாள். பெத்தணன் சொல்லியிருந்த நம்பரைப் போட்டதும் கம்ப்யூட்டர் திறந்தது.

இரண்டு வழி இருந்தது. புதுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டுப் பழையதை அழிக்கலாம். அழித்தால் அதற்குள் இருக்கும் பைல்களும் சேர்ந்து போய்விடும். இன்னொரு வழி, இன்டர்நெட்டோடு கட்டியிருக்கும் முத்துமாரியின் கணக்கை அவிழ்த்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமான கணக்காக்கி, பெயரை மட்டும் மாற்றுவது. பைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டை இடிக்காமல் வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதுபோல என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது வழியில் போனாள்.

பாதியில் கம்ப்யூட்டர் கேட்டது. இது நீங்கள்தான் என்று உறுதி செய்ய வேண்டும். 36 என்று முடியும் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறோம்.

முத்துமாரியின் போன்.

நனைந்த மருந்தின் நாற்றம் லேசாக மூக்கில் ஏறியது. ஆபீசுக்குள் மருந்து வருவதே கிடையாது.

கேட்டுக்குப் போய்க் கருப்பணனிடம் கேட்டாள். அந்தப் போன், ரூம் வெடித்த அன்று காலையில் முத்துமாரி வைத்த பொந்திலேயே இன்னும் கிடந்தது. முத்துமாரியின் அம்மா ஒருமுறை கேட்டுவரை வந்து, அதைத் தொடாமலேயே திரும்பிப் போய்விட்டாளாம்.

"நாலு மாசமாக் கெடக்கு. அதுல சார்ஜு ஏது பிள்ள?" என்றபடி கருப்பணன் அதை எடுத்து அவள் கையில் வைத்தார்.

போன் சுட்டது.

வெயில் பட்ட சூடு இல்லை. பொந்து நிழலில்தான் இருந்தது.

திரை தானாக எரிந்தது. ஆறு இலக்க நம்பர் ஒன்று. அவள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போதே அதன் கீழே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை.

'பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா?'

திரை அணைந்தது.

கருப்பணன் எட்டிப் பார்த்தார். "வெளிச்சம் வந்த மாதிரி இருந்துச்சே?"

"இல்லண்ணே."

பொய் எவ்வளவு லேசாக வருகிறது என்று அவளுக்கே தோன்றியது. அப்படியே கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் நாளைக்கு மருந்து ரூம். திரும்பி நடந்தாள்.

ஆபீஸில் திரை பூட்டிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் அதே முகம்.

சிரிப்பு மட்டும் இல்லை.

கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, திறந்து, ஆறு இலக்கத்தையும் அடித்தாள். முத்துமாரி என்பதை அழித்து ஸ்ரீமதி என்று எழுதினாள். போட்டோவை எடுத்தாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோது அவள் பெயர் பளிச்சென்று நின்றது. ராப்பர்கள், லிஸ்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. செல்லப்பாண்டி வந்து பார்த்துக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் கவனித்தாள். பைல்கள் எல்லாம் குடியிருந்த போல்டருக்கு இன்னும் முத்துமாரி என்றே பெயர். பலகைதான் மாறியிருந்தது. வீடு இன்னும் முத்துமாரியுடையது. அதையும் மாற்றப் பார்த்தாள். உள்ளே ஏதோ திறந்திருக்கிறது, மாற்ற முடியாது என்றது கம்ப்யூட்டர். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மூடினாள். திரை வெறுமையாக இருந்தது.

உள்ளே ஏதோ திறந்திருக்கிறது என்றது.

மறுநாளைக்கு எந்த ரூமில் யார் என்ற லிஸ்டை அவசரமாக அடித்தாள். ஏழாம் ரூமுக்கு வெள்ளைத்தாய், பாண்டிமீனா, மாரிசெல்வி, செல்வலட்சுமி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

மறுநாள் காலையில் ஆபீசர்களின் ஜீப் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. லிஸ்டும் போர்டில் ஒட்டியாகிவிட்டது. பிரிண்டரில் தயாராகக் கிடந்ததாம். ஏழாம் ரூமில் நாலாவது பெயர் ஸ்ரீமதி. அடியில், தயாரித்தவர் ஸ்ரீமதி.

"இது நான் அடிச்சதில்லண்ணே. செல்வலட்சுமி பேருதான் போட்டேன்."

பெத்தணன் குரலைத் தாழ்த்தினார். "அடியில உம்பேருதான இருக்கு? ஒரு காப்பி ஆபீசர் கையில போயிருச்சு. லிஸ்டுல உள்ள ஆளு ரூம்ல இல்லன்னா கம்பெனிக்குச் சீல் வச்சிருவாக. செல்வலட்சுமிய நான் வீட்டுக்கு அனுப்பிட்டேன். அரை நாளு உக்காரு தாயி."

அவள் செல்லப்பாண்டியைத் தேடினாள். ஆபீசர்கள் பக்கத்தில் நின்ற அவர் அவளைப் பார்த்தார். போ என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கால்களுக்கு வழி மறந்திருக்கவில்லை.

புதிதாகக் கட்டி வெள்ளையடித்த ரூம். சுண்ணாம்பு வாசத்துக்கு அடியில் கருகிய வாசம் இன்னும் போகவில்லை. மூன்று பெண்களும் மருந்துத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். காலியாக விட்டிருந்த இடத்தில் ஸ்ரீமதி உட்கார்ந்தாள். தட்டு அவளுக்காக நிரப்பி வைக்கப்பட்டிருந்தது.

ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். வேலை தொடங்கியதும் வாசலில் நின்று தலையெண்ணிவிட்டுப் போவது பெத்தணனின் வழக்கம். இன்று அவர் தோளுக்குப் பின்னால் ஓர் ஆபீசரும் நின்றார்.

பெத்தணனின் விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"என்ன இது, அஞ்சு பேரு உக்காந்திருக்கீக?" என்றார். "யாரு அது கூடுதலா?"

ஸ்ரீமதி பார்த்தாள். வெள்ளைத்தாய். பாண்டிமீனா. மாரிசெல்வி.

மூவரும் பெத்தணனைப் பார்க்கவில்லை. ஸ்ரீமதியின் இடது தோளை ஒட்டிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்வையை அகற்றாமலே, மருந்துத் தட்டிலிருந்து கைகளை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டார்கள்.