வினவியின் கேள்விகள்

நினைவன் என்ற வீட்டுக் கணினியை விற்பதற்கு முன் அதை மறக்க வைத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒன்பது ஆண்டுகள் வீட்டுப் பேச்சையெல்லாம் கேட்டு, வந்த செய்திகளைப் படித்துச் சொல்லி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அந்தக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, தூத்துக்குடி அழிப்பு நிலையத்தில் ராயப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா, அங்கே வேலை பார்க்கும் சுகிர்தாவைக் கேள்விகளால் குடைந்துகொண்டிருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை இல்லை. விற்ற நினைவனிலிருந்து ஒரு குடும்பத்தின் பேச்சு முழுவதையும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெருவில் ஒரு கதை உலவியது. அழித்தாயிற்று என்று இவர்கள் சொன்னால் போதுமா?

சுகிர்தா பொறுமையாக விளக்கினாள். பழைய கணினிகளில் கோப்புகள் தனித்தனியாக இருந்தன, அழித்தால் போய்விடும். நினைவனில் நினைவு, தண்ணீரில் கரைந்த உப்பு மாதிரி. கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் வினவி என்ற பொறி. அழிப்பதற்கு முன் வினவி நினைவனை முழுவதுமாகப் படித்துவிடும். அழித்த பின், படித்ததிலிருந்தே கேள்விகள் கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்று பதில் வந்தால் சான்றிதழ்.

“அப்ப எங்க வீட்டு விஷயம் பூரா வினவிக்குத் தெரிஞ்சிரும்.”

“சான்றிதழ் குடுத்ததும் அதுவும் மறந்துரும்க்கா.”

“அது மறந்துச்சான்னு அதுகிட்ட யாரு கேப்பா?”



வழக்கமாக இரண்டு பொறிகளும் கம்பி வழியே நொடியில் பேசி முடித்துவிடும். ஜெசிந்தா அதற்கு ஒப்பவில்லை. உரிமையாளர் கேட்டால் சோதனையைச் சத்தமாக நடத்த வேண்டும் என்று விதி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ராயப்பன், எதுக்கு வீணா நேரம், கம்பியிலேயே முடியட்டும் என்றான்.

“உங்களுக்கு என்ன அவசரம்?” என்று அவனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

நினைவனை வாங்கிப் பொருத்தினார்கள். வினவி அதைப் படித்து முடித்தது. அழிப்பும் முடிந்தது. வினவி, உணர்ச்சியில்லாத குரலில் தொடங்கியது.

“இந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் என்ன?”

“தெரியாது,” என்றது நினைவன். தினமும் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பிய அதே குரல். உண்மையாகவே மறக்கிறது என்று ஜெசிந்தாவுக்கு ஒரு நிம்மதி.

எந்தத் தெரு, யாருக்கு என்ன மாத்திரை, யாரோடு சண்டை. எல்லாவற்றுக்கும் தெரியாது, தெரியாது.

“ஜெசிந்தாவின் தாய் இறப்பதற்கு முந்தைய வாரம் மகளுக்கு அனுப்பிய குரல் செய்தியை, அவளுக்குத் தெரியாமல் அழிக்கச் சொன்னது யார்?”

“தெரியாது.”

ஜெசிந்தா திரும்பினாள். ராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதல் திருமணம் என்று அவளை ஒதுக்கிய தாய், கடைசி வரை ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாள் என்றுதான் நான்கு ஆண்டுகளாக அவள் அழுதிருந்தாள். அழும்போதெல்லாம் அருகிலிருந்து தேற்றியவன் இவன்.

“திரும்பவும் உன்னை நோகடிக்கத்தான் பேசுதாங்கன்னு நெனச்சேன்,” என்றான் ராயப்பன். “அத போட்டுக் கேட்டுக்கூடப் பாக்காம அழிச்சிட்டேன். அப்புறம் அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?”

“அம்மா என்ன சொன்னா?”

“எனக்குத் தெரியாது.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வினவி அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. ஜெசிந்தா எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். அழிக்கச் சொன்ன செய்தியும் நினைவனில் கரைந்து கிடந்திருக்கிறது. நினைவன் மறந்துவிட்டது, ஆனால் வினவி படித்திருக்கிறது. உலகத்திலேயே இப்போது அந்தக் குரல் இதற்குள் மட்டும்தான் இருக்கிறது.

“எனக்குச் சான்றிதழ் வேண்டாம்மா. அதை மறக்கச் சொல்லாத. அம்மா பேசினத மட்டும் ஒரு தடவ போடச் சொல்லு,” என்றாள் சுகிர்தாவிடம்.

சுகிர்தா கலங்கிப் போயிருந்தாள். வினவி படித்ததை யாருக்கும் தரக் கூடாது, உரிமையாளருக்கும் கூடாது என்றாள். அதைத் திறக்க அவளிடம் வழியே இல்லை.

“முன்னாடி அப்படி இல்லக்கா. எங்க மேல சந்தேகமா இருக்குன்னு ஜனங்க வழக்குப் போட்டாங்க. அப்புறம்தான் பூட்டுனாங்க.”

கேள்விகள் முடிந்தன. சான்றிதழ் வெளியே வந்தது. வினவியின் முகப்பில் எரிந்த விளக்கு மெல்ல அணையத் தொடங்கியது. ஜெசிந்தா இரண்டு கைகளாலும் அந்தப் பொறியைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் காதை வைத்தாள்.